படியில் தொங்கும் பையனுக்கு ஆபத்து தெரியாதா? பதின்மூன்று வயதைப் பற்றி ஒரு கேள்வி

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். வயது 13. காலையில் தனியாகப் பஸ் ஏறும்போது ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்து போகிறவன்தான். மாலையில் நான்கு பேரோடு திரும்பும்போது பின்படியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாக வருகிறான். உள்ளே இருக்கைகள் காலியாக இருந்தும் இப்படி வருகிறான் என்பது எங்கள் தெருக்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "அது ஆபத்து என்று தெரியாதா?" என்று கேட்டேன். "படியில் பயணம் நொடியில் மரணம் என்று பஸ்ஸிலேயே எழுதியிருக்கிறதே, தெரியாமல் என்ன?" என்கிறான். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துதான் சொல்கிறான்.

இன்னொன்று. போன வாரம் முடி வெட்டிக்கொண்டு வந்தான். மறுநாள் வகுப்பில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டான். "என்னடா ஆயிற்று?" என்றால் "ஒன்றும் இல்லை." ஐந்தாம் வகுப்பு வரை, பள்ளியில் யார் தும்மினாலும் என்னிடம் வந்து சொன்ன பிள்ளை இவன்.

எதற்கெடுத்தாலும் "மூளை வளர்ச்சி" என்கிறார்கள். எது வளர்ந்திருக்கிறது, எது வளரவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்வம்_சேலம்

மூளையும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. எல்லாம் சேர்க்கை. பன்றியோடு சேர்ந்த கன்றைப் பற்றிப் பெரியவர்கள் சும்மாவா சொல்லிவைத்தார்கள்? அந்த நான்கு பேரில் ஒருவன் தலைவனாக இருப்பான். அவனைக் கண்டுபிடித்து வெட்டிவிடுங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். எங்கள் காலத்தில் வாத்தியார் கையில் பிரம்பு இருந்தது. ஒருவனும் தொங்கவில்லை.

பழைய_நடத்துநர்

செல்வம் ஐயா, உங்கள் காலத்திலும் தொங்கினார்கள். அப்போது விசில் ஊதியவன் நான்.

பணியில் இருந்த காலம் முழுவதும் இந்தப் பிள்ளைகளோடுதான் எனக்கு மல்லுக்கட்டு. பார்த்ததைச் சொல்கிறேன். கூட்ட நெரிசலில் இடமில்லாமல் தொங்குவது வேறு, அதை விட்டுவிடுங்கள். காலி பஸ்ஸில் ஒரு பையன் தன்னந்தனியாகத் தொங்கி நான் பார்த்தது மிக அரிது. படியில் நிற்பவன் சாலையைப் பார்க்கவே மாட்டான். மேலே நிற்கும் கூட்டாளியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பெண்கள் பள்ளி நிறுத்தம் நெருங்கினால், கம்பியை இரண்டு கையால் பிடித்திருந்தவன் ஒரு கையை எடுத்துவிடுவான். வண்டி நிற்கும்போது ஏறாமல், நகர்ந்து வேகம் பிடித்த பிறகு நாலு எட்டு ஓடிவந்து ஏறுவதுதான் அவர்களுக்குள் கௌரவம்.

தலைவன் என்று ஒருவனை நான் கண்டதே இல்லை. இன்றைக்கு இவன், நாளைக்கு அவன். "தொங்குடா" என்று ஒருவன் இன்னொருவனைத் தூண்டியும் கேட்டதில்லை. எல்லாம் பேச்சில்லாமலே நடக்கும்.

நியூரான்_நிலா

நடத்துநர் ஐயாவின் கடைசி வரியைத்தான் ஆய்வுக்கூடங்கள் பல வருடங்களாகத் துருவிக்கொண்டிருக்கின்றன. வளரிளம் பருவ உளவியலில் ஆராய்ச்சி மாணவி நான். அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வரியிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்று ஓர் உளவியலாளர். அவரும் மார்கோ கார்ட்னரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 306 பேர் கலந்துகொண்டார்கள். 13 முதல் 16 வயது வரை ஒரு குழு, 18 முதல் 22 வரை ஒரு குழு, 24-க்கு மேல் ஒரு குழு. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரியும்போது எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு புள்ளி. ஆனால் எந்த நொடியிலும் மோதிவிடலாம். தனியாக ஆடும்போது மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடின. சம வயது நண்பர்கள் இருவர் பக்கத்தில் இருந்தபோது 13–16 வயதினர் எடுத்த அபாயம் இரண்டு மடங்கானது. கல்லூரி வயதினருக்கு அதில் பாதி அளவு கூடியது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. காலையில் ஜன்னலோரமும் மாலையில் பின்படியும் என்று அக்கா எழுதியது இதையேதான்.

அந்த ஆய்வில் நண்பர்கள் வாய்விட்டு யோசனை சொல்லலாம். எனவே "தூண்டிவிட்டார்கள்" என்று வாதிட இடம் இருந்தது. 2011-இல் அதே பல்கலைக்கழகத்தில் இதை மூளை ஸ்கேனுக்குள் செய்தார்கள். நண்பர்கள் அடுத்த அறையில் திரையில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். ஓட்டுபவனுக்குத் தெரிந்ததெல்லாம், "அவர்கள் பார்க்கிறார்கள்" என்பது மட்டுமே. அதுவே போதுமானதாக இருந்தது. வளரிளம் பருவத்தினர் மட்டுமே சிவப்பு விழுவதைப் பொருட்படுத்தாமல் அதிகமாகப் போனார்கள். வெகுமதியை எடைபோடும் பகுதி (வென்ட்ரல் ஸ்ட்ரியேட்டம் என்பார்கள், மூளையின் அடியாழத்தில் இருப்பது) அவர்களிடம் கூடுதலாக இயங்கியது. நிதானத்துக்கான முன்நெற்றிப் புறணியின் இயக்கமோ, நண்பர்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரே அளவில் இருந்தது.

நண்பனைக் கண்டதும் அறிவு அணைந்துபோவதில்லை என்பதுதான் இதன் பொருள். அறிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. காரியத்தின் ருசி கூடிவிடுகிறது. அதனால்தான் உங்கள் மகன் பஸ் வாசகத்தை ஒப்பித்துக்கொண்டே தொங்குகிறான்.

செல்வம்_சேலம்

அப்படியானால் கூட்டாளிகள் மீது குற்றமே இல்லை என்கிறீர்களா? கண்ணால் பார்ப்பதே தூண்டுதல்தானே?

நியூரான்_நிலா

ஆமாம் ஐயா, பார்ப்பதே தூண்டுதல்தான். ஆனால் அக்கா வீட்டுப் பையனும் மற்ற நால்வருக்கு அதே தூண்டுதலாகத்தான் இருக்கிறான். ஒவ்வொரு வீட்டிலும் "அந்த நால்வரால் கெட்டான்" என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

புள்ளியியல்_பூபதி

கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்க வேண்டாம். அந்த 2011 ஸ்கேன் ஆய்வில் இருந்தவர்கள் மூன்று குழுவும் சேர்த்து 40 பேர். மூளையில் ஒரு புள்ளி ஒளிர்ந்த படத்தைப் போட்டால் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். அதை வைத்து ஒரு தலைமுறையையே விளக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, எல்லா மேடையிலும் சொல்லப்படும் பிரேக்–ஆக்சிலேட்டர் கதை. பிரேக் (சுயக்கட்டுப்பாடு) வளரவில்லை, ஆக்சிலேட்டர் (ஆசை) வளர்ந்துவிட்டது என்பார்கள். பிரேக் பலவீனம்தான் காரணம் என்றால் ஏழு வயதுக் குழந்தைகள்தான் அதிகமாகத் தொங்க வேண்டும். அவர்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

மூன்றாவது, அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழு 1999-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அளவீடு. மூளையின் முன்மடலில் சாம்பல் நிறப் பகுதி (நரம்பணுக்கள் செறிந்த பகுதி) பெண்களுக்கு 11 வயதிலும் ஆண்களுக்கு 12 வயதிலும் உச்சம் தொட்டுப் பிறகு குறைகிறது என்றது. பாடப் புத்தகங்கள் வரை போய்விட்டது. பிறகு வெவ்வேறு நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள், சாம்பல் பகுதி சிறுவயதிலேயே அதிகமாக இருந்து வளரிளம் பருவம் முழுவதும் குறைந்துகொண்டே வருவதாகக் காட்டின. அந்த 11, 12 என்ற எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். "மூளை 25 வயதில் முழுமையடைகிறது" என்பதும் இதே ரகம்தான். 25-இல் மணி அடித்து எதுவும் நிற்பதில்லை.

நியூரான்_நிலா

25 பற்றி நான் எழுதவே இல்லையே, பூபதி அண்ணா. மற்றவற்றுக்குப் பதில்.

ஏழு வயதுக் கேள்வி நல்ல கேள்வி. பருவமடையும்போது மாறுவது வெகுமதிப் பகுதியின் கூர்மை. பாலியல் ஹார்மோன்கள், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் எல்லாம் அதில் சம்பந்தப்பட்டவை. ஏழு வயதில் அந்தக் கூர்மையும் இல்லை, தோழனின் பார்வைக்கு அத்தனை விலையும் இல்லை. ஆனால் சுயக்கட்டுப்பாடு ஹார்மோனுக்காகக் காத்திருப்பதில்லை. அது தன் போக்கில் மெதுவாக இருபதுகளின் நடு வரை ஏறுகிறது. ஒன்று சீக்கிரம், மற்றது தாமதம். இடைவெளி அங்கேதான்.

சாம்பல் பகுதி எப்போது உச்சம் என்பதில் சர்ச்சை உண்டு. அந்த வயதுகளில் அது மெலிகிறது என்பதிலும், நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறை தடிக்கிறது என்பதிலும் சர்ச்சை இல்லை. பயன்படாத இணைப்புகள் கழிக்கப்படுகின்றன, பயன்படுபவை வேகமாகின்றன. பார்ப்பதற்கும் அசைவதற்குமான பகுதிகள் முதலில், திட்டமிடும் பகுதிகள் கடைசியில்.

"அமெரிக்கப் பிள்ளைகள் அப்படி, நம் பிள்ளைகள் இப்படி" என்று யாராவது தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன். இந்தியா உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரையிலான 5,404 பேரிடம் எடுத்த ஆய்வு 2018-இல் வந்தது. புதுச் சிலிர்ப்பைத் தேடும் ஆசை 19 வயதுவாக்கில் உச்சம். நிதானம் இருபதுகளின் நடுவில்தான் நிலைகொள்கிறது. நாட்டுக்கு நாடு அளவு மாறுகிறது, வளைவின் வடிவம் பெரும்பாலும் மாறவில்லை. ஸ்கேனே வேண்டாம் என்றால் எலிகளைப் பாருங்கள். 2014-இல் வந்த ஆய்வில் இளம் சுண்டெலிகள் கூட்டாக இருக்கும்போது தனியாக இருப்பதைவிட அதிகமாக மது குடித்தன. வளர்ந்த எலிகளிடம் அந்த வித்தியாசம் இல்லை. "குடிடா" என்று எந்த எலியும் சொல்லியிருக்காது.

புள்ளியியல்_பூபதி

எலிகளை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை எல்லாமே சராசரி. ஒரே வகுப்பில் தொங்குபவன் ஐந்து பேர் என்றால் தொங்காதவன் முப்பது பேர். அவர்களுக்கும் அதே வயதுதான், அதே ஹார்மோன்தான். அதை எந்த வளைவும் சொல்லாது.

கணக்கு_டீச்சர்

பூபதி சார் சொன்ன முப்பது பேரைப் பற்றி நான் பேசுகிறேன். ஆறு முதல் எட்டு வரை எடுக்கிறேன். அந்த முப்பது பேர் தொங்கவில்லை, சரி. ஆனால் விடை தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். ஆறாம் வகுப்பில் "மிஸ், மிஸ்" என்று பெஞ்சில் ஏறி நின்று சொல்வார்கள். எட்டாம் வகுப்பில் அதே பிள்ளையைப் பலகைக்குக் கூப்பிட்டால் காது சிவந்துவிடுகிறது. கணக்கு மறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நாற்பது ஜோடிக் கண்கள் இருக்கின்றன. தொங்குவது ஒரு விளைவு, வாயடைத்துப்போவது இன்னொரு விளைவு. வேர் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

நியூரான்_நிலா

டீச்சர், நீங்கள் சொல்வதை அப்படியே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2013-இல் லியா சோமர்வில் குழு வெளியிட்ட ஆய்வில் 8 முதல் 23 வயது வரை உள்ளவர்களை ஸ்கேனரில் படுக்கவைத்து, "இப்போது கேமரா வழியாக உங்கள் வயதுக்காரர் ஒருவர் உங்களைப் பார்க்கிறார்" என்றார்கள். செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை, சும்மா படுத்திருக்க வேண்டியதுதான். கூச்சம் சிறுவயதிலிருந்து ஏறி, வளரிளம் பருவத்தில் உச்சத்துக்குப் போனது. வியர்வையும் சேர்ந்தே கூடியது.

வைகைக்கரை அக்கா, முடி வெட்டிய கதையை இதோடு சேர்த்துப் படியுங்கள். நமக்கு அது ஒரு சொல், காற்றோடு போவது. அவனுக்கு அன்று முழுவதும் ஓடிய கேமரா. "ஒன்றும் இல்லை" என்பதும் மறைப்பதற்காகச் சொல்வது மட்டுமில்லை. 5 முதல் 25 வயது வரை உள்ளவர்களை ஆராய்ந்த 2018 ஆய்வு ஒன்று இருக்கிறது. குழந்தைகள் ஒரு நேரத்தில் ஒரே உணர்ச்சிதான் இருப்பதாகச் சொல்கிறார்கள், அதனால் பிரித்துச் சொல்வது எளிது. வளரிளம் பருவத்தில் கோபம், அவமானம், வருத்தம் எல்லாம் ஒன்றாக வருகின்றன, எது எது என்று பிரிக்கத் தெரிவதில்லை. அந்தத் திறன் பிறகுதான் மீண்டும் ஏறுகிறது. கலங்கி நிற்பவனிடம் "கோபமா, வருத்தமா, சொல்லு" என்று உடனே கேட்டால் அவனுக்கே விடை தெரியாது.

மல்லிகைப்பந்தல்

பையன்களையே பேசுகிறீர்கள். என் மகள் ஏழாம் வகுப்பு. அவள் எங்கும் தொங்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. தோழிகள் ஐந்து பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள், அதில் இவளும் உண்டு. ஒருநாள் அது அமைதியாகிவிட்டது. இவளை விட்டுவிட்டுப் புதுக் குழு தொடங்கிவிட்டார்கள். யாரும் சண்டை போடவில்லை, நீக்கவும் இல்லை. பழைய குழுவில் இவள் போட்ட "என்ன ஆயிற்று, யாருமே பேசவில்லை" என்ற செய்தி மட்டும், யாரும் பதில் சொல்லாமல் நிற்கிறது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. "இதற்கெல்லாமா அழுவாய்?" என்று அவள் அப்பா கேட்டுவிட்டார். இப்போது அவரோடும் பேசுவதில்லை.

நியூரான்_நிலா

இதற்கும் ஒரு விளையாட்டு உண்டு. சைபர்பால் என்று பெயர். திரையில் மூன்று பேர் பந்து போட்டுப் பிடிப்பார்கள்; மற்ற இருவரும் நிஜ மனிதர்கள் என்று நம்பவைத்திருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த இருவரும் உங்களுக்குப் பந்தே போடமாட்டார்கள். இவ்வளவுதான். லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோரின் ஆய்வுக்குழு பெண்களை வைத்து 2010-இல் வெளியிட்ட முடிவு: ஒதுக்கப்பட்டதும் பெரியவர்களுக்கும் மனம் சோர்ந்தது, வளரிளம் பருவப் பெண்களுக்கு அதைவிட அதிகமாகச் சோர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஆடும் பொம்மை விளையாட்டிலேயே இப்படி. உங்கள் மகளுக்கு நடந்ததோ தினமும் பக்கத்தில் உட்காரும் தோழிகளால். அவள் அப்பாவிடம் சொல்லுங்கள், வலி நிஜமானது. அளவுதான் அவருக்குத் தெரியவில்லை.

வழக்குரைஞர்_வேலு

இதே அறிவியல் நீதிமன்றத்திலும் பேசப்பட்டது. 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. சக வயதினரின் அழுத்தத்துக்கு எளிதில் ஆட்படுவதையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. நம் நாட்டில் 2015 இளைஞர் நீதிச் சட்டம் எதிர்த்திசையில் போய், கொடிய குற்றங்களில் 16 முதல் 18 வயதினரை முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு பெரியவர்களைப்போல் விசாரிக்க வழி செய்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்கு_டீச்சர்

வேலு சார், இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே எட்டாம் வகுப்பை விட்டுவிட வேண்டாம்.

வைகைக்கரை

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒரு சந்தேகம். நான் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றால், இல்லை மாலையில் அதே பஸ்ஸில் கூடவே வந்தால், தொங்கமாட்டான்தானே?

நியூரான்_நிலா

அன்று தொங்கமாட்டான். அம்மா பக்கத்தில் இருக்கும்போது கார் விளையாட்டில் அபாயம் குறைவதாக 2015-இல் ஈவா டெல்சர் குழுவே காட்டியிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் நண்பர்கள் யாரும் இல்லை, அம்மா மட்டும்தான். நான்கு பேர் முன்னிலையில் அம்மா வந்து நிற்பது வேறு கதை. மேலே சொன்ன கேமராவை நீங்களே இயக்குவதாகிவிடும். மறுநாள் அதற்கும் சேர்த்துத் தொங்குவான்.

குரல் விஷயமும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 2022-இல் வெளிவந்த ஆய்வு. 12 வயது வரை உள்ள பிள்ளைகளின் வெகுமதிப் பகுதி, அறிமுகமில்லாத பெண் குரலைவிட அம்மாவின் குரலுக்கு அதிகமாக இயங்கியது. 13 முதல் 16 வரை உள்ளவர்களிடம் அது தலைகீழ். அதற்காக உங்கள்மேல் பாசம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். வெளியுலகக் குரல்களுக்கு மதிப்புக் கொடுக்கப் பழகும் வயது.

பிளேக்மோர் குழு லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த 563 பேரிடம் செய்த இன்னொரு சோதனை உங்களுக்குப் பயன்படும். சிவப்பு விளக்கில் சாலையைக் கடப்பது போன்றவை எவ்வளவு ஆபத்து என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு "பெரியவர்கள் இப்படி மதிப்பிட்டார்கள்" அல்லது "பதின்பருவத்தினர் இப்படி மதிப்பிட்டார்கள்" என்று ஓர் எண்ணைக் காட்டி மறுபடி கேட்டார்கள். எல்லா வயதினரும் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். பெரியவர்களின் எண்ணைவிடப் பதின்பருவத்தினரின் எண்ணுக்கு அதிகமாக மசிந்த ஒரே குழு 12 முதல் 14 வரை. அந்த எண் சில சமயம் ஆபத்தைக் கூட்டியும் சொன்னது, சில சமயம் குறைத்தும் சொன்னது. அதாவது இழுப்பு கெட்ட பக்கம் மட்டும் இல்லை.

கணக்கு_டீச்சர்

நிலா கடைசியில் சொன்னதை நியூ ஜெர்சியில் பள்ளிகளிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 56 நடுநிலைப் பள்ளிகள், 2016-இல் வந்த முடிவு. பாதிப் பள்ளிகளில் சில மாணவர்களைச் சேர்த்து, சீண்டல் சண்டைக்கு எதிராக அவர்களையே சுவரொட்டி எழுதவும் பேசவும் வைத்தார்கள். ஒரு வருடத்தில் மாணவர் மோதல் பற்றிய ஒழுங்கு நடவடிக்கைகள், மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால், 30 சதவீதம் குறைந்தன. அந்தக் குழுவில் மற்றவர்கள் அதிகம் கவனிக்கும் பிள்ளைகள் எவ்வளவு பேர் இருந்தார்களோ அவ்வளவு பலன் கூடியது. அவர்களை ஆசிரியர்கள் பொறுக்கவில்லை. "யாரோடு அதிக நேரம் செலவழிக்கிறாய்?" என்று பிள்ளைகளிடமே கேட்டுக் கண்டுபிடித்தார்கள்.

நாமோ முதல் ரேங்க் வாங்குகிறவனை வகுப்புத் தலைவனாக்கி, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதச் சொல்கிறோம். வகுப்பு யாரைத் திரும்பிப் பார்க்கிறது என்று எனக்கு இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் நடு மதிப்பெண் வாங்கும், நன்றாகச் சிரிக்கவைக்கும் ஒரு பிள்ளை. நான் அவனிடம்தான் நோட்டு அடுக்கும் வேலையைக் கொடுப்பேன்.

பழைய_நடத்துநர்

டீச்சர் சொல்வது பஸ்ஸுக்கும் பொருந்தும். "உள்ளே ஏறு" என்று நான் கத்தினால் சிரிப்பார்கள். என் கத்தலே அவர்களுக்கு நாடகத்தின் ஒரு காட்சி. விசிலை ஊதி வண்டியை நிறுத்தினால் இறங்கி நிற்பார்கள், கிளம்பியதும் மறுபடி ஓடிவருவார்கள். ஆனால் உள்ளே நிற்கும் பாலிடெக்னிக் பையன் ஒருவன், "தம்பி, இந்தப் பையைப் பிடி" என்று நீட்டுவான். தொங்கியவன் ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் பையை வாங்கிக்கொள்வான். அண்ணன் தன்னை மதித்துக் கூப்பிட்டான், அவ்வளவுதான். இந்த வித்தையை நான் பலமுறை சொல்லிக்கொடுத்துச் செய்யவைத்திருக்கிறேன்.

கதவு வைத்த பஸ் வந்தால் இந்தப் பேச்சே இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த மூளையானாலும் மூடிய கதவில் தொங்க முடியாது.

புள்ளியியல்_பூபதி

இந்த இழையிலேயே சிறந்த வரி. கதவுக்கு என் வாக்கு.

வைகைக்கரை

எங்கள் பக்கத்து வீட்டில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி இருக்கிறான், அதே தடத்தில்தான் மாலையில் வருகிறான். என் மகன் அவன் தலைமுடியைப் பார்த்துத்தான் அப்படி வெட்டிக்கொண்டு வந்ததே. நாளைக்கு அவனிடம் பேசுகிறேன். அறிவுரை சொல்லச் சொல்லாமல், பையை மட்டும் நீட்டச் சொல்லலாமா?

பழைய_நடத்துநர்

நீட்டச் சொல்லுங்கள் அம்மா. அதற்கு முன்னால் ஒரு வேலை. அந்தத் தம்பி பஸ்ஸில் எங்கே நின்று வருகிறான் என்று உங்கள் தெருக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவனும் படியில்தான் நிற்கிறான் என்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.